ஃபூச்சுன் மலைச்சுருளை எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது: சீன மலைக்காட்சி ஓவியத்துக்குப் புதியவர்களுக்கு

சீன மலைக்காட்சி ஓவியம் என்று தேடினால் தாவோ தத்துவம், வெற்றிடத்தின் அழகு, இயற்கையோடு ஒன்றிப்போதல் என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கும். படித்து முடித்துவிட்டு ஓவியத்துக்கு முன்னால் போய் நின்றால் சாம்பல் நிறத்தில் நாலு மலை, ரெண்டு மரம், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் தெரியும். தத்துவம் கிடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரே ஓவியரை எடுத்துக்கொண்டு, அவருடைய ஒரே ஓவியத்தை வலது ஓரத்திலிருந்து இடது ஓரம்வரை மெதுவாகப் பார்த்து முடியுங்கள். நான் சிபாரிசு செய்வது ஹுவாங் கோங்வாங் வரைந்த ‘ஃபூச்சுன் மலைகளில் குடியிருப்பு’ என்ற நீளச் சுருள் ஓவியம். சீன ஓவிய வரலாற்றில் இதைவிடப் பிரமிப்பூட்டும் ஓவியங்கள் உண்டு. ஆனால் ஓர் ஓவியர் எப்படி வேலை செய்தார் என்று தாளிலேயே பின்தொடர்ந்து போக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரொம்பப் படிக்க வேண்டாம், கொஞ்சம் போதும். ஹுவாங் கோங்வாங் பிறந்தது 1269இல், இன்றைய ஜியாங்சு மாகாணத்தில் இருக்கும் சாங்ஷூவில். பிறந்த குடும்பத்தின் பெயர் லு. சிறு வயதிலேயே ஹுவாங் என்ற முதியவர் ஒருவர் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார். அவருக்குப் பத்து வயதாகும்போது, 1279இல், தெற்கு சோங் அரசு முழுவதுமாக விழுந்து மங்கோலியர்களின் யுவான் ஆட்சி நாடு முழுக்கப் பரவிவிட்டது. படித்த சீன இளைஞனுக்கு அதுவரை இருந்த ஒரே ராஜபாட்டை அரசுத் தேர்வு. மங்கோலியர்கள் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள், திரும்ப நடந்தது 1315இல்தான். ஆக, தேர்வெழுதி மேலே வரவேண்டிய வயது முழுக்க அவருக்கு எழுத்தர் வேலையில் போனது.

அந்த 1315இலேயே இன்னொன்றும் நடந்தது. அவருடைய மேலதிகாரி சாங் லூ நில அளவை, நிலவரி விவகாரத்தில் சிக்க, கீழே வேலை பார்த்த ஹுவாங் கோங்வாங்கையும் சேர்த்துச் சிறையில் போட்டார்கள். அவருடைய நண்பரும் கவிஞருமான யாங் சாய் அதே வருடத் தேர்வில் தேறி அதிகாரி ஆனார். ஒரே வருடம்தான்: நண்பனுக்குப் பதவி, இவருக்குச் சிறை.

வெளியே வந்தபின் அரசுவேலைப் பக்கம் அவர் தலைவைக்கவே இல்லை. தாவோ மதத்தின் சுவான்ஜென் பிரிவில் சேர்ந்தார். தனக்கு ‘பெரிய மடையன்’ என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்துக்கொண்டார். ஹாங்சோ, சூசோ, சோங்ஜியாங் என்று சுற்றிக்கொண்டு, குறிசொல்லிப் பிழைத்தார். ஓவியத்தில் அவர் முழுமூச்சாக இறங்கியது ஏறத்தாழ ஐம்பது வயதுக்கு மேல். நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய ஓவியங்கள் எல்லாம் எழுபது தாண்டியபின் வரைந்தவை. 1354இல் இறந்தார்.

நாள் முழுக்க மலைப் பாறைகளுக்கும் மூங்கில் புதர்களுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பார், மழை வந்தாலும் எழுந்திருக்க மாட்டார், இந்த ஆள் என்ன செய்கிறார் என்று யாருக்கும் புரியாது என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் மலைக்காட்சி வரைவது பற்றி அவரே எழுதிவைத்த சிறு குறிப்புகளில், தோல் பையில் தூரிகையை எப்போதும் கூடவே வைத்திரு, விநோதமான மரம் கண்ணில் பட்டால் அங்கேயே வரைந்து வைத்துக்கொள் என்று இருக்கிறது. குறிசொல்லி என்றாலும் காற்றிலிருந்து வரைந்தவர் இல்லை, மண்ணைப் பார்த்து வரைந்தவர்.

படத்தை எங்கே எடுப்பது

தாளில் அச்சிட்ட சிறிய படத்தை வைத்து இந்த ஓவியத்தைப் பார்க்க முயலாதீர்கள், வீண். பிற்காலத்தில் தீயில் இரண்டாகப் பிரிந்த இந்தச் சுருளின் பெரிய துண்டு 33 செ.மீ. உயரம், 636.9 செ.மீ. நீளம். இருபது அடிக்கு மேல் நீளமுள்ள ஒன்றைப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தில் அடைத்தால் பல்குச்சி மாதிரி ஒரு கோடுதான் மிஞ்சும். தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலுள்ள ஓவியங்களின் தெளிவான படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஓவியர் பெயரையும் ஃபூச்சுன் என்பதையும் போட்டுத் தேடுங்கள். ஒன்று கவனியுங்கள்: ஒரே தலைப்பில் இரண்டு சுருள்கள் வரும். ‘வூயோங் சுருள்’ என்று இருப்பதுதான் அசல். ‘ட்சிமிங் சுருள்’ என்பது பின்னால் வந்த நகல். அதன் கூத்தைக் கீழே சொல்கிறேன்.

அசலின் தொடக்கத்துண்டு தனியாக, ஹாங்சோவில் உள்ள செஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘மிஞ்சிய மலை’ என்று பெயர். 31.8 செ.மீ. உயரம், 51.4 செ.மீ. நீளம். அதன் படத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது அதுதான் முதலில்.

வலமிருந்து இடமாக, ஒரு கை அகலம்

இந்த வகை ஓவியத்தைச் சுவரில் முழுசாக மாட்டி வைத்துப் பார்க்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. மேசையில் வைத்து, இடது கையால் பிரித்துக்கொண்டே, வலது கையால் சுருட்டிக்கொண்டே போவார்கள். ஒரு நேரத்தில் கண்முன் இருப்பது இரண்டு கைக்கு நடுவே உள்ள அகலம் மட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரியாது, போனது மறைந்துவிடும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மொத்தமும் விரித்து வைத்திருப்பது பத்திரத்துக்காகவும் கூட்டத்துக்காகவும் செய்த ஏற்பாடு. ஓவியர் நினைத்த முறை அதுவல்ல.

கைபேசியிலோ கணினியிலோ இதைச் சுலபமாகவே செய்யலாம். படத்தின் உயரம் திரையை நிறைக்கும்வரை பெரிதாக்குங்கள், வலது ஓரத்துக்குப் போங்கள், அங்கிருந்து இடப்பக்கமாக நகருங்கள். திரும்பத் திரும்பச் சிறிதாக்கி முழுதாகப் பார்க்கும் ஆசை வரும். முதல் சுற்றில் மட்டுமாவது அடக்கிக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் முத்திரைகளையும் எழுத்துகளையும் சட்டை செய்ய வேண்டாம். மலை, மரம், தண்ணீர் மட்டும். ‘மிஞ்சிய மலை’யில் ஒரு பெரிய உருண்ட மலை. அங்கிருந்து வூயோங் சுருளுக்கு மாறினால் மலைகள் அடுக்கடுக்காக ஏறும், அடிவாரத்தில் வீடுகள், மரக்கூட்டம். பிறகு மலை பின்வாங்கி நிலம் தாழ்ந்துவிடும். கரையில் பைன் மரங்கள், மணல்திட்டு, அதற்கு அப்பால் விரிந்த தண்ணீர். இந்த இடத்தில் தாள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும், அவசரப்படுகிறவர்கள் தாண்டிப்போகும் பகுதி இது. தாண்டாதீர்கள். இவ்வளவு நேரம் மலையேறியதற்கு இங்கேதான் மூச்சுவிட இடம் தருகிறார். கடைசியில் தனியாக ஒரு கூர்மையான சிகரம் திடீரென்று எழும். அதற்கப்புறம் வெளிறிய தூரத்து மலைகள், முடிந்தது.

இரண்டாவது சுற்றில் மனிதர்களைத் தேடுங்கள். படகில் மீன் பிடிப்பவர்கள், தண்ணீரோரக் குடிலில் உட்கார்ந்திருப்பவர், பாலத்தில் போகிறவர் என்று இருக்கிறார்கள், ஆனால் ரொம்பச் சிறியதாக, இரண்டு மூன்று கோட்டில். ஒருவரைக் கண்டுபிடித்ததும் அவருக்கும் பக்கத்து மலைக்கும் உள்ள அளவு வித்தியாசம் சட்டென்று உறைக்கும். மலைக்கு அளவுகோலாகத்தான் ஆளை வைத்திருக்கிறார்.

இது எந்த இடம்

ஃபூச்சுன் கற்பனை ஊர் இல்லை. ஹாங்சோவுக்குத் தென்மேற்கே ஓடும் ஆறு, சியென்தாங் ஆற்றின் மேற்பகுதி. ஃபூயாங், தோங்லு ஊர்கள் அதன் கரையில் இருக்கின்றன. பேரரசன் நண்பனாக இருந்தும் பதவி வேண்டாம் என்று சொல்லி இங்கே வந்து தூண்டில் போட்டு உட்கார்ந்த யான் ட்சிலிங் என்பவரின் கதை ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் முந்தைய ஹான் காலத்திலிருந்து வருகிறது. சிறையிலிருந்து வந்து பதவியைக் கைகழுவிய ஒருவர் கடைசிக் காலத்தில் இந்த ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்காது என்பது என் எண்ணம். ஆனால் ஓவியத்தை வைத்து, இந்தச் சிகரம் எந்த மலை என்று வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அது அளவை வரைபடம் இல்லை.

கடைசியில் அவர் கைப்பட எழுதியிருப்பது

சுருளின் இடது முடிவில் ஓவியரே எழுதிய குறிப்பு இருக்கிறது. சாரம் இது: 1347இல் ஃபூச்சுன் மலைக்குத் திரும்பினேன், வூயோங் (தாவோ துறவியான நண்பர், சுருளின் பெயர் இவருடையதுதான்) கூட வந்தார், ஓய்வு நேரத்தில் தெற்கு மாடியில் தூரிகையை எடுத்து இதை ஆரம்பித்தேன், உற்சாகம் வந்தபோதெல்லாம் சேர்த்துக்கொண்டே போனேன், மூன்று நான்கு வருடம் ஆகியும் முடியவில்லை, காரணம் இதை மலையில் விட்டுவிட்டு நான் மேகம் மாதிரி ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன், இப்போது பையில் எடுத்துவந்திருக்கிறேன். வூயோங்குக்கு ஒரே பயம், யாராவது தந்திரமாகவோ பலவந்தமாகவோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. அதனால் முடியும் முன்பே இது யாருக்கு என்று எழுதிக் கேட்டிருக்கிறார், இவரும் 1350இல் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் சீனக் கணக்குப்படி அப்போது இவருக்கு வயது 82.

இதைத் தெரிந்துகொண்டு மூன்றாவது சுற்று பாருங்கள். ஒரே மூச்சில் வரைந்ததல்ல என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். வெளிறிய கோட்டின்மேல் வேறு ஒரு நாளின் கறுத்த கோடு, வரைந்த மலையின்மேல் பிற்பாடு தோன்றிச் சேர்த்த புள்ளிகள், சில இடங்களில் முதலில் போட்ட வெளிவரையை மதிக்காமல் சற்றுத் தள்ளிப் போட்ட இன்னொன்று. எதையும் மறைக்கவே இல்லை. அரண்மனை ஓவியன் இப்படி விட்டிருக்க முடியாது, கூலி கொடுப்பவன் கேள்வி கேட்பான்.

கீற்றுகளைப் படிப்பது

இனி இன்னும் பெரிதாக்குங்கள். இந்தப் பகுதியில் அதிக நேரம் செலவிடுங்கள், அவருடைய பாணி முழுக்க இங்கேதான் இருக்கிறது.

மலையின் உடம்பு முழுக்க நீளநீளமான, தளர்ந்த கீற்றுகள் முகட்டிலிருந்து சரிவாக இறங்குவதைப் பார்ப்பீர்கள். பிரித்துப்போட்ட சணல் நார் போல இருப்பதால் சணல்நார்க் கீற்று என்றே அதற்குப் பெயர். இது இவர் கண்டுபிடித்ததல்ல. 10ஆம் நூற்றாண்டில் தோங் யுவானும் அவர் வழிவந்த பிக்கு ஜூரானும் தென்சீனாவின் மண் மூடிய, உருண்ட குன்றுகளுக்காக இதைப் பயன்படுத்தினார்கள். வடக்கே பாறை மலை, அதைக் காட்டக் கோடரியால் செதுக்கியது போன்ற வெட்டுக் கீற்றுகள் உண்டு. தெற்கே மண் மலை, அதற்கு இந்த நார். அந்தப் பழைய முறையை மூத்த ஓவியர் சாவ் மெங்ஃபூ யுவான் காலத்தில் மீட்டெடுத்தார், ஹுவாங் கோங்வாங் தன்னை அவருடைய மாணவர் வரிசையில் வைத்துக்கொண்டவர். ஆனால் தோங் யுவான் பட்டில் ஈரமாக, மூட்டமாக வரைந்ததை இவர் தாளில், தூரிகையை ஏறக்குறைய வறளவிட்டு வரைந்தார். வறண்ட தூரிகை தாளின் சொரசொரப்பில் அங்கங்கே விட்டுவிட்டுப் பதியும். அந்த விடுபட்ட வெள்ளைதான் மலைக்கு வெளிச்சமும் காற்றும் தருகிறது. தூரிகை ஈரமாக இருந்திருந்தால் மலை கனத்துப் போயிருக்கும்.

முகடுகளில் சின்னச்சின்ன உருண்டைக் கற்கள் குவிந்திருக்கும், அவையும் தோங் யுவான், ஜூரான் வழியில் வந்தவை. மரங்களில் சில வெறும் கிடைமட்டப் புள்ளிகள்தான். ஒன்றிரண்டு புள்ளியைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சிறிதாக்கினால் அது தோப்பு.

அப்புறம் மலையின் முதுகெலும்பைத் தொடருங்கள். முகடுகள் மடங்கித் திரும்ப வேண்டும், ஆனால் மலையின் நரம்பு தொடர்ந்து ஓட வேண்டும், அப்போதுதான் உயிர் என்று தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சுருளின் பெரிய மலையில் உச்சியிலிருந்து விரலை வைத்து இறங்கிப் பாருங்கள், எங்கேயும் அறுந்துபோகாமல் தண்ணீர்க் கரைவரை வந்து சேர்வீர்கள்.

கருகிய இடம்

ஓவியம் இரண்டு துண்டானது எப்படி என்பது எல்லோரும் சொல்லும் கதை, ஆனால் பார்க்கிறவருக்கு அது கதை மட்டுமல்ல. 15ஆம் நூற்றாண்டில் ஷென் சோவ் என்ற பெரிய ஓவியரிடம் இது இருந்தது. குறிப்பெழுதித் தரச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தார், அந்த ஆளின் மகன் திருப்பித் தராமல் அமுக்கிக்கொண்டு விற்றுவிட்டான். ஷென் சோவ் 1487இல் மனத்தில் இருந்ததை வைத்தே முழுச்சுருளையும் திரும்ப வரைந்தார். வூயோங் எதற்குப் பயந்தாரோ அது நடந்தே விட்டது. பிறகு ஓவியரும் ஓவிய விமர்சகருமான துங் சீச்சாங் கைக்குப் போய், அங்கிருந்து வூ குடும்பத்துக்குப் போனது. 1650இல் வூ ஹோங்யூ சாகும் தறுவாயில், தன்னோடு இதுவும் வரட்டும் என்று தீயில் போடச் சொன்னார். அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் ஒருவர் வேறொரு சுருளைத் தீயில் போட்டுவிட்டு இதை இழுத்தெடுத்தார். அதற்குள் தொடக்கப் பகுதி கருகிப் பிரிந்துவிட்டது.

சுருட்டிய நிலையில் தீப்பிடித்ததால் ஓட்டைகள் ஒரே இடத்தில் இல்லாமல், சுற்றுக்கு ஒன்றாக இடைவெளி விட்டு விழுந்தன. வூயோங் சுருளின் வலப்பக்கத் தொடக்கத்தில் ஒட்டுப்போட்ட தழும்புகளைத் தேடுங்கள். உள்ளே போகப்போகச் சிறியதாகி மறைந்துவிடும்.

1745இல் சியென்லோங் பேரரசர் ஒரு ஃபூச்சுன் சுருளை வாங்கினார். அதுதான் ட்சிமிங் சுருள். அசல் என்று நம்பி, அதன் வெற்றிடமெல்லாம் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதித் தள்ளினார். அடுத்த வருடமே உண்மையான அசல் வந்து சேர்ந்தது. பார்த்துவிட்டு, இது நகல் என்று தீர்ப்பு சொல்லி, அதை அதன்மேலேயே லியாங் ஷிசெங் என்ற அதிகாரியை விட்டு எழுதவும் வைத்தார். அந்தத் தவறான தீர்ப்பு செய்த உபகாரத்தைச் சொல்லி மாளாது: நகல் முழுக்கப் பேரரசரின் எழுத்து, அசலின் வானமும் தண்ணீரும் பெரும்பாலும் தப்பித்தன. இரண்டும் இப்போது தைபேயில். இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையில் நான் கீற்று பற்றிச் சொன்னது மொத்தமும் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். நகலில் கோடுகள் ஒழுங்காக, சுத்தமாக இருக்கும். அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

கையில் தூரிகை எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

ஓவியர் ஆவதற்காக இல்லை, பார்ப்பதற்காகவே ஒரு முறை செய்துபாருங்கள். நல்ல நுனியுள்ள சீனத் தூரிகை ஒன்று, பாட்டில் மை போதும், மூன்று சிறு கிண்ணம், சுவான் தாள் என்ற சீன ஓவியத்தாள். சுவான் தாளில் பதப்படுத்தாதது (மை ஊறாதிருக்கப் பசை பூசாதது) மையை உறிஞ்சிப் பரப்பிவிடும், புதியவர்களுக்கு அரைப்பதம் போட்டதே வசதி. கிண்ணங்களில் மையை வெளிறியது, நடுத்தரம், கெட்டி என்று கலந்துகொள்ளுங்கள்.

வரிசை ஓவியரே சொல்லியிருப்பதுதான். மை பயன்படுத்துவதுதான் இருப்பதிலேயே கடினம், முதலில் வெளிறிய மையால் ஆரம்பித்து, பார்க்கும்படியாகும்வரை அடுக்கிக்கொண்டே வா, அதன்பிறகு கெட்டி மையாலும், அதைவிடக் கறுத்த ‘கருகிய’ மையாலும் தூரம் பக்கம் பிரித்துக்காட்டு என்கிறார். ஆகவே வெளிறிய மையில் ஒரு குன்றின் வெளிவரை. தூரிகையைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு, சற்றுச் சாய்த்துப் பிடித்து, முகட்டிலிருந்து கீழ்நோக்கி நீளக் கீற்றுகள். ஒன்றுக்கொன்று இணையாக, ஆனால் சீப்பால் வாரியது போல ஆகாமல், அங்கங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும். காயவிடுங்கள். நடுத்தர மையில் மறுபடி. கெட்டி மையைக் கடைசியில், சில புள்ளிகளுக்கும் மடிப்புகளுக்கும் மட்டும். பெரும்பாலோர் கறுப்பை முதலிலேயே போட்டுவிட்டு, பிறகு அதற்கு ஈடுகொடுக்க எல்லாவற்றையும் கறுப்பாக்கிக்கொண்டே போவார்கள். அப்படி ஆனால் தாளை மாற்றுங்கள், திருத்த வழி இல்லை. வரைந்தபின் சுருளைத் திரும்பப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒவ்வொரு கீற்றிலும் மணிக்கட்டு எங்கே திரும்பியது என்று தெரியும்.

அடுத்து எதைப் பார்ப்பது

அவருடைய மற்ற ஓவியங்களில் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள 1341ஆம் வருட ‘தியான்சி பாறைச்சுவர்’ நல்ல தேர்வு. தொங்கவிடும் வகை, நெடுக ஏறும் மலை, மையோடு இலேசான செம்மண் நிறம் சேர்ந்தது. அங்கேயே 1349இல் வரைந்த ‘ஒன்பது சிகரங்களில் பனி’யும் இருக்கிறது, கூர்மையான வெள்ளை மலைகள், ஃபூச்சுன் ஆளா இது என்று சந்தேகம் வரும்.

வேறு ஆட்கள் என்றால், முதலில் பின்னோக்கிப் போங்கள்: ஃபான் குவானின் ‘மலைகளும் ஓடைகளும் நடுவே பயணிகள்’, குவோ ஷீயின் 1072ஆம் வருட ‘இளவேனில்’, இரண்டும் தைபேயில். இவை தலைக்குமேல் எழுந்து நின்று மிரட்டும் மலைகள். அதன்பின் ஹுவாங் கோங்வாங்கோடு சேர்த்து யுவான் காலத்து நால்வர் என்று சொல்லப்படும் மற்ற மூவர்: நீ சான், வாங் மெங், வூ சென். நீ சான் ஆளே இல்லாத ஆற்றங்கரையில் நாலைந்து மரத்தோடு நிறுத்திவிடுவார், வாங் மெங் தாளில் ஊசி நுழைய இடம் விடமாட்டார். ஹுவாங் கோங்வாங் இரண்டுக்கும் நடுவில். யுவானுக்கு நெடுநாள் பின்வந்த சிங் ஆட்சிக் காலத்தில் வாங் என்ற குடும்பப் பெயர் கொண்ட நான்கு ஓவியர்கள் இவரைக் குரு போலக் கொண்டாடி வரைந்து தள்ளியிருக்கிறார்கள், அவர்களை ஆரம்பத்தில் விட்டுவிடலாம், சலிப்பு தட்டும்.

நேரில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. இவ்வளவு பழைய தாளை வருடம் முழுக்க வெளிச்சத்தில் வைக்கமாட்டார்கள். பெரும்பாலான காலம் கிடங்கில்தான் இருக்கும். இரண்டு துண்டுகளும் ஒன்றாக 2011 ஜூனில் தைபேயில் காட்சிக்கு வைக்கப்பட்டன, அதற்காக ‘மிஞ்சிய மலை’ ஹாங்சோவிலிருந்து கடல் கடந்து போனது. தைபேயோ ஹாங்சோவோ, அந்தந்த அருங்காட்சியகத் தளத்தில் அப்போதைய காட்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஹாங்சோ போகிறவர்கள், துண்டு காட்சியில் இல்லாவிட்டாலும், ஃபூயாங் அல்லது தோங்லு பக்கம் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வரலாம், நகரத்திலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம்தான்.